இயற்பியல் தேர்வு முடிந்து விடைகளை ஒப்பிடும்போது: பிளஸ் டூ மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தமிழ்நாடு மாநிலப் பாடத்திட்டத்தில் பிளஸ் டூ இயற்பியல் எழுதிவிட்டு வந்தவர்களுக்கான பக்கம் இது. எழுத்துத் தேர்வு 70 மதிப்பெண், மூன்று மணி நேரம். 15 ஒன் மார்க். ஒன்பதில் ஆறு டூ மார்க். ஒன்பதில் ஆறு த்ரீ மார்க். 'அல்லது' போட்ட ஐந்து ஃபைவ் மார்க். மீதி 30 மதிப்பெண் செய்முறைக்கும் அகமதிப்பீட்டுக்கும். நீட், ஜேஇஇ எழுதுபவர்களுக்கும் பயன்படும் இடங்களைத் தனியாகச் சொல்லியிருக்கிறோம்.

தேர்வு முடிந்த உடனேயே ஒப்பிடலாமா?

அடுத்த தேர்வுக்கு எத்தனை நாள் இருக்கிறது என்று பாருங்கள். மூன்று நாளோ அதற்கு மேலோ இருந்தால் அன்று மாலை ஒரு மணி நேரம் ஒதுக்கி ஒரே தடவையில் முடித்துவிடலாம். மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ தேர்வு என்றால் வினாத்தாளை மடித்து வைத்துவிடுங்கள். எழுதியது மாறப்போவதில்லை; அடுத்த பாடம்தான் கெடும். தேர்வு மைய வாசலில் நின்று ஒப்பிடுவது மட்டும் எப்போதுமே வேண்டாம். அங்கே யார் கையிலும் முழு விடை இருக்காது, கடைசி எண் மட்டும்தான் ஞாபகத்தில் இருக்கும். இயற்பியலில் கடைசி எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு எதையும் முடிவு செய்ய முடியாது.

ஒன் மார்க்கில் என் நண்பனுக்கு எல்லாமே வேறு எழுத்தாக வருகிறதே?

முதலில் வினாத்தாளின் வகையைப் பாருங்கள். ஏ டைப், பி டைப் என்று வந்திருந்தால் ஒன் மார்க் கேள்விகளின் வரிசை மாறியிருக்கும். 'ஏழாவதுக்கு ஆ போட்டேன்' என்று சொல்வதில் பயனில்லை. கேள்வியை வாய்விட்டுப் படித்து, விடையைச் சொல்லி ஒப்பிடுங்கள். நீட் வினாத்தாளின் குறியீடுகளுக்கும் இதே கதைதான்.

ஒரே கணக்கு, நாலு பேருக்கு நாலு விடை. யாருடையது சரி?

நாலுமே சரியாக இருக்கலாம். ஓர் எடுத்துக்காட்டைப் போட்டே பார்ப்போம். சோடியத்தின் ஒளிமின் வெளியேற்று ஆற்றல் 2.28 எலக்ட்ரான் வோல்ட். 300 நானோமீட்டர் அலைநீளமுள்ள ஒளி அதன்மேல் விழுகிறது. வெளிவரும் எலக்ட்ரானின் பெரும இயக்க ஆற்றல் என்ன?

முதலாமவர் பிளாங்க் மாறிலியை 6.626 × 10⁻³⁴ என்றும், எலக்ட்ரானின் மின்னூட்டத்தை 1.6 × 10⁻¹⁹ என்றும் எடுக்கிறார். ஃபோட்டானின் ஆற்றல் 4.14 எலக்ட்ரான் வோல்ட், விடை 1.86. இரண்டாமவர் 1240ஐ அலைநீளத்தால் வகுக்கும் குறுக்குவழிக்காரர். அவருக்கு 4.13, விடை 1.85. மூன்றாமவர் பிளாங்க் மாறிலியை 6.6 என்று சுருக்கிக்கொண்டவர். அவருக்கு 4.125, விடை 1.845. நான்காமவர் எல்லாவற்றையும் ஜூலிலேயே முடித்து 2.98 × 10⁻¹⁹ ஜூல் என்று எழுதியிருக்கிறார். நான்கும் ஒரே விடைதான். மாறிலியில் எத்தனை தசமம் எடுத்தோம், எந்த அலகில் நிறுத்தினோம் என்பதில் மட்டுமே வேறுபாடு.

இவர்களுக்குப் பக்கத்தில் ஐந்தாவதாக ஒருவர் நின்றுகொண்டு '6.42 எலக்ட்ரான் வோல்ட்' என்றால் அதுதான் தவறு. வெளியேற்று ஆற்றலைக் கழிப்பதற்குப் பதில் கூட்டிவிட்டார்.

அதனால் ஒப்பிடும் வரிசையை மாற்றுங்கள். முதலில் தரவு, பிறகு சூத்திரம், பிறகு பிரதியிட்ட வரி, கடைசியில்தான் எண். பிரதியிட்ட வரி வரைக்கும் ஒத்துப்போய், எண்ணில் நூற்றுக்கு ஒன்றிரண்டு வேறுபாடு வந்தால் விட்டுவிடுங்கள். மடக்கை அட்டவணை வைத்துப் போட்ட கணக்கில் அந்த அளவு இருக்கத்தான் செய்யும்.

விடை ரொம்பவே தள்ளிப் போயிருக்கிறது. தவறு எங்கே என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பெரிய விடையைச் சின்ன விடையால் வகுத்துப் பாருங்கள். வரும் எண்ணே தவறு நடந்த இடத்தைப் பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும்.

100 என்று வந்தால் சதுர சென்டிமீட்டரைச் சதுர மீட்டராக மாற்றும்போது 10⁻⁴க்குப் பதில் 10⁻² போட்டிருப்பார்கள். 4 என்றால் கம்பியின் விட்டத்தை ஆரம் என்று எடுத்திருப்பார்கள், அல்லது எங்கோ இருமடிக்குள் இருந்த ஒரு 2 நழுவியிருக்கும். 1.41 என்றால் மாறுதிசை மின்னோட்டத்தில் ஒருவர் பெரும மதிப்பையும் இன்னொருவர் ஆர்எம்எஸ் மதிப்பையும் எடுத்திருக்கிறார். வீட்டு மின்சாரத்தின் 230 வோல்ட் என்பது ஆர்எம்எஸ் மதிப்பு, அதன் உச்சம் 325 வோல்ட். 60 என்றால் நிமிடத்தை நொடியாக்கவில்லை. 6.25 × 10¹⁸ என்றால் தவறே இல்லை: ஒருவர் ஜூலில், மற்றவர் எலக்ட்ரான் வோல்ட்டில்.

அடிக்கடி வருவது 6.28. கோண அதிர்வெண் வேண்டிய இடத்தில் வெறும் அதிர்வெண்ணைப் போட்டவர்களின் எண் இது. 0.1 ஹென்றி மின்தூண்டி, 50 ஹெர்ட்ஸ் மூலம். மின்தூண்டியின் மின்மறுப்பு 31.4 ஓம். 'எனக்கு 5 ஓம் வந்ததே' என்பவர் 2π-யை விட்டுவிட்டார்.

சரியாக 10, 1000 என்று வந்தால் அடுக்குக்குறியில் கை நழுவியிருக்கிறது. பத்தை ஒட்டி இருந்தும் சரியாகப் பத்தாக இல்லையென்றால் சந்தேகம் இரண்டு பேர்மேல். ஒருவர் π², அதன் மதிப்பு 9.87. இன்னொருவர் மடக்கை அட்டவணையின் 'பார்'.

மடக்கையில் என்ன தவறு நடக்கிறது?

0.00345இன் மடக்கையைப் பார் 3.5378 என்று எழுதுகிறோம். இதில் மைனஸ் 3க்கு மட்டும்தான், 0.5378 நேர்க்குறி எண். பார்க்குறியை மொத்த எண்ணுக்குமான மைனஸ் என்று எடுத்து எதிர்மடக்கை பார்த்தால் 0.00345 வர வேண்டிய இடத்தில் 0.00029 வந்து நிற்கும். விடை பன்னிரண்டு மடங்கு சுருங்கிப்போகும். அட்டவணையைத் தொடுமுன்பே பத்தின் அடுக்குகளைத் தனியாகப் பிரித்து வைத்துவிட்டு, 1 முதல் 10 வரை உள்ள எண்ணுக்கு மட்டும் மடக்கை பார்ப்பவர்களுக்கு இந்தத் தொல்லையே கிடையாது.

'மைனஸ் 30' சரியா, '30' சரியா?

ஒளியியலில் ஆண்டுதோறும் வரும் தகராறு. குவிலென்சின் குவியத்தூரம் 15 சென்டிமீட்டர். பொருள் 10 சென்டிமீட்டரில் இருக்கிறது. குறியீட்டு மரபுப்படி பொருளின் தூரம் மைனஸ் 10. 1/15இலிருந்து 1/10ஐக் கழித்தால் மைனஸ் 1/30. பிம்பத்தின் தூரம் மைனஸ் 30 சென்டிமீட்டர், உருப்பெருக்கம் பிளஸ் 3. பொருள் இருக்கும் பக்கமே நேரான மாயபிம்பம்.

'30 சென்டிமீட்டர், பொருள் உள்ள பக்கத்திலேயே மாயபிம்பம்' என்று வாக்கியமாக எழுதியிருந்தால் இயற்பியல் சரிதான். வெறும் 30 என்று நிறுத்தியிருந்தால் அது மறுபக்கத்தில் விழும் மெய்பிம்பத்தைக் குறிக்கும், தவறு. 6 சென்டிமீட்டர் என்று வந்திருந்தால் மைனஸ் போடாமல் 1/15உடன் 1/10ஐக் கூட்டியிருக்கிறீர்கள்.

கடைசி விடை தவறு. முழு மதிப்பெண்ணும் போய்விடுமா?

போகாது. திருத்தும் ஆசிரியரின் கையில் உள்ள விடைக்குறிப்பில் மதிப்பெண் படிப்படியாகப் பிரித்துத் தரப்பட்டிருக்கும். மூன்று மதிப்பெண் கணக்கு பெரும்பாலும் சூத்திரம், பிரதியிடல், அலகோடு கூடிய விடை என்று உடையும். சூத்திரமும் பிரதியிடலும் சரியாக இருந்து பெருக்கலில் சறுக்கியவருக்கு இழப்பு ஏறக்குறைய ஒரு மதிப்பெண்தான். சூத்திரத்தையே மாற்றி எழுதியவருக்கு அதற்குப் பிறகு எதுவும் தேறாது.

சூத்திரத்தைத் தனி வரியாக எழுதாமல் நேரே எண்களைப் போட்டவர்கள் பயப்பட வேண்டாம். கணக்கில் சூத்திரம் எழுதப்படாவிட்டாலும் மற்ற சரியான படிகளுக்கு மதிப்பெண் தர வேண்டும் என்பது இயற்பியல் விடைக்குறிப்பின் பொது அறிவுரைகளில் ஒன்று. சூத்திரத்துக்கு உரியது மட்டும் போகும்.

அலகு எழுதாதவர்கள் அரை மதிப்பெண்ணைக் கழித்துக்கொண்டு கணக்குப் போடுங்கள்.

ஒன் மார்க்கில் விடையைச் சரியாக எழுதி, குறியீட்டை மட்டும் மாற்றிவிட்டேன்.

பூஜ்ஜியம். குறியீடு, விடை இரண்டையும் சேர்த்து எழுதச் சொல்லித்தான் கேள்வித்தாளில் இருக்கிறது. இரண்டில் ஒன்று தவறானாலும் மதிப்பெண் இல்லை என்பதுதான் திருத்துபவர்களுக்கான அறிவுரை. கடுமையாகத் தெரியலாம், ஆனால் நடைமுறை அதுதான்.

படித்துப் படித்துப் பார்த்தும் ஒன் மார்க்கில் இரண்டு விடையும் சரி போலத் தெரிகிறது.

கேள்வியில் உள்ள ஒரு சின்னச் சொல்லை இருவரில் ஒருவர் தாண்டிப் போயிருப்பார். மின்தேக்கிக்குள் மின்காப்பைச் செருகும் கேள்வி நல்ல உதாரணம். மின்கலத்தின் இணைப்பைத் துண்டித்த பிறகு செருகினால் மின்னூட்டம் மாறாது. மின்னழுத்த வேறுபாடு குறையும், சேமித்த ஆற்றலும் குறையும். மின்கலம் இணைந்திருக்கும்போதே செருகினால் மின்னழுத்த வேறுபாடு மாறாது. மின்னூட்டம் கூடும், ஆற்றலும் கூடும். இரண்டிலும் மின்தேக்குத்திறன் கூடுகிறது. 'துண்டித்த பின்' என்ற சொல்லைக் கவனிக்காதவர் தலைகீழ் விடையை முழு நம்பிக்கையோடு சொல்வார்.

கதிரியக்கத்தில் மூன்று அரை ஆயுட்காலத்துக்குப் பின் எஞ்சியிருப்பது 12.5 சதவீதம், சிதைந்தது 87.5 சதவீதம். கேட்டது எது என்று கேள்வியைத் திரும்பப் பாருங்கள். அமைப்பவர் இரண்டு எண்ணையும் விடைத் தெரிவில் வைத்திருப்பார், அதுதான் பொறி.

வகுப்பில் முதல் மாணவி போட்ட விடை வேறு. என்னுடையது தவறுதானே?

யார் போட்டது, எத்தனை பேர் போட்டார்கள் என்பதெல்லாம் சான்று ஆகாது. ஒரே டியூஷனில் படித்த இருபது பேருக்கு ஒரே தவறான குறுக்குவழி சொல்லித்தரப்பட்டிருக்கலாம். வேறு வழியில் போட்டும் அதே விடை வருகிறதா என்று பாருங்கள். மின்சுற்றுக் கணக்கைக் கிர்காஃப் விதியில் போட்டிருந்தால், கிடைத்த மின்னோட்டங்களை வைத்துத் திறனைச் சரிபாருங்கள்: மின்கலங்கள் தரும் மொத்தத் திறனும் மின்தடைகள் எடுக்கும் மொத்தத் திறனும் சமமாக வர வேண்டும். வந்துவிட்டால் வகுப்பே எதிர்த்து நின்றாலும் உங்கள் விடை நிற்கும்.

யூடியூபிலும் வாட்ஸ்அப்பிலும் வரும் கீ-யை நம்பலாமா?

அன்று மாலையே வருபவை அவசரத்தில் தட்டச்சு செய்தவை. எழுத்துப்பிழை, வகை மாறிய கீ எல்லாம் சகஜம். வெறும் எழுத்துகளாக உள்ள கீ-யை ஒதுக்குங்கள். படிகளோடு போட்டுக்காட்டியதை எடுங்கள். திருத்தும் முகாமில் பயன்படும் விடைக்குறிப்பு கைக்கு வந்தால் அதுவே கடைசிச் சொல்.

காணொளியில் விளக்குபவர் இலங்கைத் தமிழர் என்றால் சொற்களில் கவனம் வேண்டும். அங்கே 'சக்தி' என்றால் நம் ஆற்றல், 'வலு' என்றால் நம் திறன். இது தெரியாமல் பார்த்தால் சரியான விளக்கமும் தவறாகக் காதில் விழும்.

கேள்வியே தவறாக இருந்தால்?

அப்படி நடக்காமல் இல்லை. பொதுத்தேர்வில் கேள்வி பிழை என்று முடிவானால் வழக்கமாக அதை எழுத முயன்றவர்களுக்கு மதிப்பெண் தருவார்கள். கேள்வி எண்ணைப் போட்டு ஏதாவது எழுதியிருக்கிறீர்களா என்பதுதான் அப்போது முக்கியம். புரியாத கேள்வியைக் காலியாக விடாமல் சூத்திரத்தையாவது எழுதி வைக்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஒரே ஒரு இயற்பியல் கேள்வி நாட்டையே கலக்கியது 2024 நீட் தேர்வில். இரண்டு கூற்றுகள். ஒன்று, சம அளவு நேர், எதிர் மின்னூட்டங்கள் இருப்பதால் அணு மின்நடுநிலை உடையது. இரண்டு, ஒவ்வொரு தனிமத்தின் அணுக்களும் நிலையானவை, தமக்கே உரிய நிறமாலையை உமிழ்பவை. பழைய என்சிஇஆர்டி புத்தகத்தைப் படித்தவர்கள் 'இரண்டும் சரி' என்றார்கள். கதிரியக்கத் தனிமங்களின் அணுக்கள் நிலையானவை அல்லவே, ஆகவே இரண்டாவது தவறு என்றார்கள் மற்றவர்கள். தேசியத் தேர்வு முகமை இரு தரப்புக்கும் நான்கு மதிப்பெண் கொடுத்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. நீதிமன்றம் கேட்டுக்கொண்டபடி ஐஐடி டெல்லி அமைத்த மூவர் குழு, இரண்டாவது கூற்று தவறு என்பதே ஒரே சரியான விடை என்று ஜூலையில் சொன்னது. 'இரண்டும் சரி' என்று போட்ட நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்குப் போனது நான்கு மதிப்பெண் அல்ல, ஐந்து. நெகடிவ் மார்க் ஒன்றும் சேர்ந்துகொண்டது. ஜூன் 4 முடிவில் 67ஆக இருந்த முழு மதிப்பெண்காரர்கள் இறுதி முடிவில் 17 ஆனார்கள்.

நீட், ஜேஇஇ கீ-யில் தவறு இருந்தால் என்ன செய்வது?

தற்காலிக விடைக்குறிப்பு வெளியானதும் ஆட்சேபம் தெரிவிக்கச் சில நாள் தருவார்கள். கேள்விக்கு 200 ரூபாய் என்பது கட்டணமாக இருந்துவருகிறது, திரும்பக் கிடைக்காது. ஆட்சேபம் ஏற்கப்பட்டால் திருத்தம் எல்லோருக்கும் பொருந்தும், பணம் கட்டியவருக்கு மட்டுமல்ல. எனவே ஒரே கேள்விக்கு நண்பர்கள் எல்லோரும் தனித்தனியே பணம் கட்ட வேண்டியதில்லை. வலுவான ஆதாரம் வைத்திருப்பவர் ஒருவர் போட்டால் போதும். ஆதாரம் என்றால் என்சிஇஆர்டி பக்கமோ முழுதாகப் போட்ட தீர்வோ. 'எங்கள் சார் சொன்னார்' எடுபடாது. நீட்டில் தமிழ் வடிவமும் ஆங்கில வடிவமும் மாறுபட்டால் ஆங்கிலமே இறுதி. அதையும் பார்த்துவிட்டு இறங்குங்கள்.

24ஆவது கேள்வி கட்டாயம் என்பதைக் கவனிக்காமல் வேறு ஆறு எழுதிவிட்டேன்.

24ம் 33ம் கம்பல்சரி. இரண்டுமே வழக்கமாகக் கணக்காகத்தான் இருக்கும். 24ஐ விட்டுவிட்டு வேறு ஆறு எழுதியிருந்தால் ஐந்துக்குத்தான் மதிப்பெண் என்று வைத்துக்கொண்டு கூட்டுங்கள்.

ஃபைவ் மார்க்கில் புத்தகத்தில் இல்லாத வழியில் டிரைவேஷன் போட்டேன்.

கருத்து மாறாமல், படி விடாமல் இருந்தால் சொந்த நடை ஏற்கப்படும். ஒப்பிடும்போது பார்க்க வேண்டியது வேறு: படம் போட்டீர்களா, படத்தில் பெயர் குறித்தீர்களா, வரைபடமானால் இரு அச்சுகளிலும் எந்த அளவு என்று எழுதினீர்களா. அச்சுக்குப் பெயர் இல்லாத வரைபடம் மதிப்பெண்ணை இழக்கும் என்பது விடைக்குறிப்பிலேயே இருக்கிறது. இறுதிச் சமன்பாடு மட்டும் ஒத்துப்போகிறது என்று நிம்மதி அடைந்துவிடாதீர்கள்.

மொத்தம் எவ்வளவு வரும் என்று எப்படிக் கணக்கிடுவது?

ஒரே எண்ணாகக் கணக்கிடாதீர்கள். கீழெல்லை, மேலெல்லை என்று இரண்டு எண் எழுதுங்கள். கீழெல்லையில் நிச்சயமானவை மட்டும். மேலெல்லையில் சந்தேகமானவையும் சேரும். ஒன் மார்க் 10–13, டூ மார்க் 8–10, த்ரீ மார்க் 11–14, ஃபைவ் மார்க் 15–19 என்றால் 44–56. செய்முறை, அகமதிப்பீடு 29 என்றால் மொத்தம் 73–85. பொறியியல் கட்ஆஃபில் கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்பதால் இயற்பியலைப் பாதியாக்க வேண்டும்: 36.5–42.5. வாசலில் நின்று அழவைத்த அந்த மூன்று மதிப்பெண் கணக்கு கட்ஆஃபில் ஒன்றரை.

பாஸ் ஆவேனா?

மொத்தம் 35 வேண்டும். அதோடு எழுத்துத் தேர்வில் 70க்கு 15 வேண்டும். 'செய்முறையில் 30க்கு 30 இருக்கிறது, இன்னும் ஐந்து போதும்' என்பது தவறான கணக்கு. எழுத்துத் தேர்வின் கீழெல்லை 15ஐத் தொட்டு, செய்முறை, அகமதிப்பீட்டோடு சேர்த்து 35ம் வந்துவிட்டால் கவலையை விடுங்கள். தொடாவிட்டாலும் துணைத் தேர்வு அதே ஆண்டிலேயே வரும், ஆண்டு வீணாகாது.

முடிவு வந்தபின், எதிர்பார்த்ததைவிடப் பத்து மதிப்பெண் குறைவு. என்ன செய்ய?

அறிவிக்கும் நாட்களுக்குள் விடைத்தாள் நகலுக்கு விண்ணப்பியுங்கள். நகல் வந்ததும் மூன்றைப் பாருங்கள். திருத்தாமல் விட்ட விடையோ பக்கமோ இருக்கிறதா, முக்கியமாகக் கடைசிப் பக்கங்களில்? உள்ளே போட்ட மதிப்பெண்ணும் முகப்புப் பக்கத்தில் ஏற்றியதும் ஒன்றா? படிக்கு உரிய மதிப்பெண் கிடைத்திருக்கிறதா? முதல் இரண்டில் கூட்டல் பிழை மட்டும் என்றால் மறுகூட்டல் போதும். மூன்றாவதில் குறை என்றால் மறுமதிப்பீடு. தேர்வு முடிந்த மாலை நீங்கள் எழுதி வைத்த கீழெல்லைக் கணக்கு, கேள்வி வாரியாக இருந்தால், நகலின் பக்கத்தில் வைத்துப் பார்க்க உதவும். அந்தத் தாளைத் தூக்கிப் போடாதீர்கள்.

பெற்றோர் என்ன கேட்கலாம்?

'எத்தனை வரும்' என்று அன்றைக்குக் கேட்காதீர்கள், சாப்பிட்டாயா என்று கேளுங்கள். இரண்டு மூன்று நாளாகியும் பிள்ளை தூங்காமல், பேசாமல் இருந்தால் 14416 டெலி மானஸ் எண்ணை அழைக்கலாம். கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.